அன்டி-பேட்டர்னுக்கு எந்தச் சொல்: அலங்கோலமா, பொய்க்கோலமா?

கல்முனையிலிருந்து:

அன்பின் நண்பர்களுக்கு,

வெப் பாடத்துக்கான பிழைநிரல் தொகுப்பில் 'அன்டி-பேட்டர்ன்' வருமிடமெல்லாம் இப்போதைக்கு 'தவறான நிரல்' என்று போட்டிருக்கிறோம். அது போதாது. அடைப்புக்குறியை மூடாமல் விட்டதும் தவறான நிரல்தான். ஓட்டிய உடனேயே பிழைச்செய்தி வந்துவிடும். அன்டி-பேட்டர்ன் அப்படியில்லை. ஓடும், சரியான விடையும் தரும். கேடு பிறகுதான் வரும்.

'அலங்கோலம்' என்று வைப்போமா? நமது பாடப்புத்தகத்தில் பேட்டர்ன் என்றால் கோலம். கணிதத்தில் எண் கோலங்கள் என்றுதானே படிக்கிறோம். கோலம், அலங்கோலம் என்று சோடியாக நிற்கும். ஓ.எல். படிக்கிற பிள்ளைக்கும் விளங்கும்.

மட்டக்களப்பிலிருந்து:

நானா, 'கோலம்' என்ற பாதியை அப்படியே எடுத்துக்கொள்வோம். 'எதிர்க்கோலம்' என்று வந்த முன்மொழிவைவிட உங்களுடையது எவ்வளவோ மேல். 'எதிர்' என்றதும் கோலங்களை எதிர்க்கிற கொள்கை என்று எண்ண இடமுண்டு. ஆனால் 'அலங்கோலம்' எனக்கு இடறுகிறது. அலங்கோலத்தைக் கண்டவுடன் தெரியும். இங்கே சிக்கலே கண்டவுடன் தெரியாததுதான்.

தொகுப்பின் முதல் உதாரணத்தையே பாருங்கள். பெயர் தேடும் பெட்டி. தட்டிய பெயரை எஸ்.கியூ.எல். (தரவுத்தளத்திடம் கேட்கும் மொழி) வரியோடு ஒட்டி, இரு பக்கமும் ஒற்றை மேற்கோள் போட்டுத் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறார்கள். 'டி'சூசா' என்று தேடினால் நடுவிலுள்ள குறி மேற்கோளை மூடிவிடும். 'சூசா' கட்டளையாகிப் பக்கம் உடையும். இது வெறும் பிழை.

அடுத்து என்ன செய்கிறார்கள்? ஒவ்வொரு மேற்கோளுக்கு முன்னும் ஒரு பின்சாய்கோடு (\) போடுகிறார்கள். அந்த மேற்கோள் வெறும் எழுத்தாகிவிடும். டி'சூசா கிடைத்துவிடுவார். திருத்தியாயிற்று என்று மூடிவைப்பார்கள். இதுதான் அன்டி-பேட்டர்ன். அடையாள எண்ணால் தேடும் பக்கத்தில் எண்ணைச் சுற்றி மேற்கோள் இருக்காது. அங்கே '5 OR 1=1' (5 அல்லது 1=1) என்று கொடுத்தால் பின்சாய்கோடு போட ஒரு மேற்கோளும் இல்லை; 1=1 எப்போதும் உண்மை என்பதால் அட்டவணை முழுவதும் வெளியே வரும். வெப் பக்கம் எழுதப் பாவிக்கும் பி.எச்.பி. மொழியே இந்தத் திருத்தத்தை 'மெஜிக் கோட்ஸ்' என்ற பெயரில் தன்னுள் வைத்திருந்து, 2012இல் 5.4ஆம் பதிப்பில்தான் நீக்கியது. ஒரு மொழியை ஆக்கியவர்களையே ஏமாற்றியதை அலங்கோலம் என்று எப்படிச் சொல்வது?

அம்பாறை வயல்காரர் களைநெல்லைப் பற்றிச் சொல்வார்கள். இளம்பயிரில் அது நெல்லாகவே நிற்கும். பிடுங்கக் கை வராது. முந்தி முற்றி, வேளாண்மை வெட்டுக்கு முன்னமே மணி உதிர்ந்து மண்ணில் கிடந்து, அடுத்த போகத்தில் முளைக்கும். இந்தக் குணம் சொல்லில் வரவேண்டும். 'களைநெல்' என்றே வைக்கலாம் என ஆசைதான். ஆனால் கோலத்தோடு உள்ள சோடி அறுந்துபோகும்.

ஆகவே 'பொய்க்கோலம்'. கோலம் என்றால் வேடம் என்றும் தமிழில் பொருளுண்டு; தீர்வின் வேடம் பூண்டது என்ற பொருளைச் சொல்லே தருகிறது. 1995இல் அன்ட்ரூ கோனிக் ஆங்கிலச் சொல்லை எழுதியபோதும் தீர்வுபோலத் தோன்றித் தீர்வாகாததையே அதனால் குறித்தார்.

கல்முனையிலிருந்து:

தம்பி, மேற்கோள் உதாரணம் என்னை மாற்றிவிட்டது. பொய்க்கோலத்துக்கு என் வாக்கு. ஆனால் இரண்டு விசயம்.

ஒன்று, இதையும் 'கோட் ஸ்மெல்'லையும் கலக்கக்கூடாது. முந்நூறு வரியில் ஒரே ஃபங்ஷன் இருந்தால் அது பொய்க்கோலமல்ல. உள்ளே ஏதோ பழுது இருக்கலாம் என்ற அறிகுறி மட்டும். அதற்கு 'நிரல்வாடை' என்று வைப்போம். 'நாற்றம்' வேண்டாம், அது தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. வாடை தேடிப் பார்க்கத்தான் தூண்டும். தொகுப்பில் 50 மாணவரைப் பட்டியலிடும் பக்கம் இருக்கிறதல்லவா? லூப்புக்குள்ளே ஒரு தரவுத்தள வினவல் தெரிவது வாடை. பட்டியலுக்கு ஒன்று, ஒவ்வொருவரின் பாடசாலைக்கும் ஒவ்வொன்று என 51 வினவல் ஓடுவது பொய்க்கோலம். சொந்தக் கணினியில் ஐந்து வரியை வைத்துப் பரிசோதித்தால் ஒன்றும் தெரியாது. தரவுத்தளம் வேறு சேர்வரில் இருந்து, போய்வர 4 மில்லிசெக்கன் எடுத்தால் 204 மில்லிசெக்கன் அதற்கே போகும். பாடசாலை எண்களைத் திரட்டி ஒரே வினவலில் கேட்டால் மொத்தம் இரண்டுதான்.

மற்றது, பொய்க்கோலத்தைத் தனியாக அச்சிடவே கூடாது. பிள்ளைகள் விளக்கத்தை விட்டுவிட்டு நிரலை மட்டும் கொப்பி பண்ணுவார்கள். நீங்கள் சொன்ன களைநெல் மணி உதிர்வதும் இப்படித்தான். 'பொய்க்கோலம்' என்ற சொல் தலைப்பில் மட்டும் இருந்தால் போதாது, நிரலின் முதல் வரியிலேயே கருத்துரையாக இருக்கவேண்டும். அப்போது கொப்பி பண்ணினாலும் கூடவே போகும். அடுத்த பத்தியிலேயே சரியான கோலம் வரவேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து:

நிரல்வாடை நல்ல சொல், எடுத்துக்கொண்டேன். கருத்துரையும் சரி. முதல் உதாரணத்தின் கீழ் இப்படிப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

'பொய்க்கோலம்: பின்சாய்கோட்டுத் திருத்தம். ஏன் நம்புகிறோம்: மேற்கோளுள்ள பெயர்கள் சரியாக வந்துவிடுகின்றன. எங்கே உடையும்: மேற்கோள் இல்லாத எண் புலத்தில். சரியான கோலம்: பெறுமதி வரும் இடத்தில் கேள்விக்குறி மட்டும் வைத்து வினவலை முதலில் அனுப்பு; பெறுமதியைத் தனியாக அனுப்பு. பி.டி.ஓ.வில் (பி.எச்.பி.யின் தரவுத்தள இணைப்பு) மை-எஸ்.கியூ.எல். தரவுத்தளத்தைப் பாவித்தால், பெறுமதியை வினவலில் சேர்த்தே அனுப்பும் எமியூலேட் அமைப்பு இயல்பாகவே இயங்கும். அதை நிறுத்தினால்தான் இரண்டும் உண்மையில் தனித்தனியாகப் போகும். அட்டவணைப் பெயருக்கும் வரிசைப்படுத்தும் நிரலின் பெயருக்கும் கேள்விக்குறி செல்லாது. அனுமதித்த பெயர்களின் பட்டியலோடு ஒப்பிடு.'

கடைசிக்கு முந்திய வரியில் வரும் 'நிரல்' அட்டவணையின் column-ஐக் குறிக்கிறது, ஆனால் code-க்கும் நாம் அதே சொல்லைத்தான் பாவிக்கிறோம். அதற்கு 'நெடுவரிசை' என்று மாற்றட்டுமா, நானா?

கல்முனையிலிருந்து:

மாற்றுங்கள். கணிதப் புத்தகத்தில் நிரை, நிரல் என்று படித்த பிள்ளை அந்த இடத்தில் கட்டாயம் தடுமாறும்.