காந்தல் வீட்டுச் சீலிங்கில் டக் டக்

(இது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓடிய பேச்சு. குழுவில் எல்லோரிடமும் கேட்டுவிட்டுத்தான் இங்கே போடுகிறேன். பெயருக்குப் பதில் உறவுமுறை. சித்தப்பாவின் குட்மார்னிங் ரோஜாப் படங்களை எடுத்துவிட்டேன், பாதிக் குழு அதுதான். பெரியப்பா அருவங்காட்டில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர், இப்போது குன்னூரில். சித்தியின் மகன் கோவையில் கட்டட சைட் சூப்பர்வைசர், தம்பி என்று போட்டிருக்கிறேன். அக்கா, பெரியப்பா மகள், சென்னை. காந்தல் ஊட்டியில்தான், அந்த வீட்டில் இருப்பது சித்தியும் சித்தப்பாவும். நான் ஊட்டியிலேயே, வேறு வீட்டில்.)

வியாழன்

சித்தி, காலை 6:48
நேற்று ராத்திரியும் அதே சத்தம். டக்... டக்... டக் என்று யாரோ விரலை மடக்கிச் சீலிங்கைத் தட்டுகிற மாதிரி. இன்று கூடுதலாக ஒன்று, அரிசி டின் மூடி மேல் தண்ணீர் சொட்டுகிறது. வெளியே புல் எல்லாம் உறைபனி, வெள்ளை வெளேர் என்று கிடக்கிறது. இந்தக் குளிரில் நான் ஏணி போட்டு ஏறப் போவதில்லை, இப்போதே சொல்லிவிட்டேன்.

சித்தப்பா, 6:55
எலி. பத்து நாளாகச் சொல்கிறேன்.

சித்தி, 6:56
எலி என்றால் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

சித்தப்பா, 6:56
அதைக் காலங்காத்தாலே சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன்.

அக்கா, 7:20
மரநாயாக இருக்கும் சித்தி. சின்ன வயசில் லீவுக்கு வந்தபோது அந்தப் பலகைக்கு மேல் ஓடுமே, நான் பாட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படுப்பேன்.

பெரியப்பா, 7:41
சத்தம் எப்போது வருகிறது? கீசர் போட்டுச் சுடுதண்ணீர் திறந்த பிறகா, சும்மா இருக்கும்போதா? அதை முதலில் சொல்லுங்கள்.

சித்தி, 7:50
இப்போது யோசித்தால்... திறந்து ஒரு நிமிடம் கழித்து ஆரம்பிக்கிறது மாமா. மூடின பிறகும் கால் மணி நேரம் விட்டு விட்டு வரும். ராத்திரி 11 மணிக்கு இவர் சுடுதண்ணீரில் கால் கழுவிவிட்டுத்தான் படுப்பார், அதற்கப்புறம்தான் வருகிறது.

பெரியப்பா, 7:52
எலி கீசரைப் பார்த்து வராது. பைப்புதான். மெயின் வால்வை மூடு, கீசர் சுவிட்சை அணை. யாராவது டார்ச்சோடு மேலே ஏறி ஃபோட்டோ போடுங்கள்.

நான், மாலை 5:35
ஏறிவிட்டேன். சட்டை முழுக்க ஒட்டடை. [7 படங்கள்]
கீசரிலிருந்து வரும் பைப் சிபிவிசி (சுடுதண்ணீருக்கான பிளாஸ்டிக்), முக்கால் இஞ்ச். குறுக்குச் சட்டங்களின் மேலே 18 அடி போகிறது, அங்கே எல்போ (முழங்கை மாதிரித் திரும்புகிற இணைப்பு), அப்புறம் பாத்ரூம் பக்கம் திரும்பி இரண்டு சட்டத்துக்கு நடுவில் 7 அடி. ஒழுகுவது அந்த எல்போவில், மயிரிழை மாதிரி ஒரு கீறல். 18 அடியில் மொத்தமே மூன்று இடத்தில்தான் பிடி. அதில் ஒரு கிளாம்பை (பைப்பைச் சட்டத்தோடு பிடிக்கிற பட்டை) முடுக்கின முடுக்கில் பைப்பே லேசாக நசுங்கியிருக்கிறது. மற்ற இரண்டு இடத்திலும் ஆணியை அடித்து மேலே வளைத்து விட்டிருக்கிறார்கள். 7 அடி பக்கம் சட்டத்தில் எதுவுமே இல்லை, சீலிங் பலகையிலேயே ஆணி. முதல் ஆணி எல்போவிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை.

பெரியப்பா, 5:40
மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த ஆணியை அடித்தவன் கையை...

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

பெரியப்பா, 5:44
ஒன்றுமில்லை. விளக்கமாகச் சொல்கிறேன், வாய்ஸ் டைப்பிங்கில் வரும், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா, 5:51
சுடுதண்ணீர் போகும்போது பைப் நீளும். எல்லா பைப்பும் நீளும், இந்த பிளாஸ்டிக் இரும்பைப் போல ஐந்து மடங்குக்கு மேல் நீளும். காலையில் சீலிங்குக்கு மேல் 8 டிகிரி இருக்கும், கீசர் தண்ணீர் 50ஐத் தாண்டும், 45 டிகிரி வித்தியாசம் என்று வை. 18 அடி சிபிவிசி அப்போது ஒன்றரை சென்டிமீட்டர் நீளும். பழைய ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசின இரும்பு பைப்பாக இருந்தால் அதே இடத்தில் 3 மில்லிமீட்டர்தான், அதனால்தான் தாத்தா காலத்தில் இந்தச் சத்தம் கிடையாது. இப்போது பைப்புக்கு நகர வேண்டும், ஆணி விட மாட்டேன் என்கிறது, கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்று திடீரென்று வழுக்கும், அதுதான் டக். ஆறினால் திரும்பிச் சுருங்கும், மறுபடி டக். அடியில் அரை இஞ்ச் பலகை வீணைக் குடம் மாதிரி, சின்னச் சத்தத்தை வீடு முழுக்கக் கொண்டுபோகிறது. சரியான முறை என்றால் மூன்று அடிக்கு ஒரு கிளம்பு போட்டு, கிளம்பு லூசாக இருக்க வேண்டும்.

அக்கா, 5:53
எங்கே கிளம்புவது அப்பா?

பெரியப்பா, 5:54
கிளாம்ப்! இந்தப் போன் காலையிலிருந்து என்னைக் கிளம்பு கிளம்பு என்கிறது.

தம்பி, இரவு 8:10
இப்போதுதான் சைட்டிலிருந்து வந்தேன். பெரியப்பா சொல்வது சரி, எல்போ உடைந்ததும் அதனால்தான். 18 அடியும் நீண்டு வந்து எல்போவைத் தள்ளுகிறது, அந்தப் பக்கம் சாண் தூரத்தில் ஆணி, வளைய இடமே இல்லை. தினம் நாலு தடவை அப்படி முறுக்கினால் எது தாங்கும். எல்போவிலிருந்து இரண்டு அடியாவது எந்தப் பிடியும் இல்லாமல் விட்டால் பைப்பே கொஞ்சம் வளைந்து கொடுத்துவிடும்.

சித்தப்பா, 8:14
தண்ணீர் கனத்தில் உடைந்திருக்காதா?

தம்பி, 8:19
இந்த சைஸில் கனம் பெரிய விஷயமில்லைப்பா, 25 அடிக்கும் சேர்த்துத் தண்ணீர் இரண்டு கிலோவை ஒட்டித்தான் வரும். கனம் பார்க்க வேண்டியது பின்பக்கம் இறங்குகிற நாலு இஞ்ச் பைப்புக்கு. அது அடைத்துக்கொண்டு நிரம்பினால் மீட்டருக்கு எட்டு கிலோ.

சித்தி, 8:21
அதில்தான் குரங்கு ஊஞ்சல் ஆடுகிறது. போன வாரம் ஒரு தாய்க் குரங்கு, வயிற்றில் குட்டியோடு, மேலிருந்து சறுக்கி வந்து சமையலறை ஜன்னலில் என்னைப் பார்த்தது. நடுவில் ஒரு கிளாம்ப் ஸ்க்ரூவோடு, சுவருக்குள் இருந்த பிளக்கோடு கையில் வந்துவிட்டது.

பெரியப்பா, 8:30
அது கருங்கல்லும் மண் சாந்தும் வைத்துக் கட்டின சுவர் அம்மா. சாந்தில் துளை போட்டால் பிளாஸ்டிக் பிளக் நிற்காது, சாந்தை விட்டுக் கல்லில்தான் போட வேண்டும். நேரம் பிடிக்கும், ஒரு கிளாம்புக்குப் பத்து நிமிடம் ஆகும், ஆனால் அப்புறம் குரங்கென்ன காட்டுமாடு வந்து முதுகைத் தேய்த்தாலும் நிற்கும்.

வெள்ளி

அக்கா, காலை 9:05
அப்பா, பலகையிலேயே நல்ல நீள ஸ்க்ரூவாகப் போட்டுவிட்டால் போதாதா? ஆள் கூலி, சாமான் எல்லாம் யோசித்துக் கேட்கிறேன்.

பெரியப்பா, 9:22
பலகை என்பது மூடி. வீட்டைத் தாங்குவது சட்டமும் உத்திரமும். பைப்பை எதில் மாட்டினாலும் கடைசியில் அது எலும்பில் போய் நிற்க வேண்டும், தோலில் மாட்டக் கூடாது. அந்த 7 அடியில் பைப்புக்கு அடியில் சட்டம் வராது என்றால், இரண்டு சட்டத்துக்கும் நடுவில் குறுக்கே ஒரு கட்டை அடித்து அதில் கிளாம்ப் போடு. இரண்டு கட்டை போதும். இதற்குச் சோம்பல்பட்டுத்தான் அந்த ஆள் பலகையில் ஆணி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

பெரியப்பா, 9:24
அதை விட ஐந்தாவது படம் என்னை ராத்திரி தூங்க விடவில்லை. நடுவில் மூன்று சட்டத்தில் மேலே வெட்டு தெரிகிறது பார். எவ்வளவு ஆழம்?

நான், 10:40
மறுபடி ஏறினேன். ஸ்கேல் வைத்து ஃபோட்டோ. [படம்] சட்டம் 6 இஞ்ச் உயரம், வெட்டு 2 இஞ்ச். பழைய ஜிஐ பைப் கிடந்த தடம் இன்னும் துருவாக இருக்கிறது. சிபிவிசியை அதே வெட்டுக்குள் வைத்துத்தான் ஆணியை வளைத்திருக்கிறார்கள்.

பெரியப்பா, 10:52
2 இஞ்ச்! 6 இஞ்ச் சட்டத்தில் வெட்டினால் 1 இஞ்ச், அதற்கு மேல் கூடாது, அதுவும் சுவர்ப் பக்கம். நடு மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் கத்தியே வைக்கக் கூடாது. சட்டத்தில் பாரம் ஏறும்போது மேல் விளிம்பு நசுங்கும், கீழ் விளிம்பு இழுபடும், நடுக்கோட்டில்தான் வேலை குறைவு. பைப் போக வேண்டும் என்றால் அந்த நடுக்கோட்டில் வட்டமாகத் துளை போட வேண்டும், சட்டத்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள், மேலும் கீழும் 2 இஞ்ச் விட்டு. முக்கால் இஞ்ச் பைப்புக்கு ஒன்றேகால் இஞ்ச் துளை, நகர இடம் வேண்டுமே. இப்படி மேலிருந்து அறுத்து வைப்பது 6 இஞ்ச் சட்டத்தை 4 இஞ்ச் சட்டமாக ஆக்குவது. அந்தச் சீலிங் மேல் என்ன வைத்திருக்கிறீர்கள்?

சித்தி, 10:58
ட்ரங்குப் பெட்டி இரண்டு. பழைய கம்பளி. இவருடைய புத்தகம் மூன்று மூட்டை.

பெரியப்பா, 10:58
இன்றைக்கே இறக்கு.

சித்தப்பா, 11:03
புத்தகம் அப்படியொன்றும் கனமில்லை அண்ணா.

சித்தி, 11:03
போன மாதம் ஏற்றும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது யாருக்கு?

தம்பி, மதியம் 1:15
வெட்டுக்கு மருந்து இருக்கிறது பெரியப்பா. சட்டத்தின் இரண்டு பக்கமும் 6 இஞ்ச் பலகை வைத்து போல்ட் போட்டு முடுக்கினால் பலம் திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். அண்ணா, கமர்ஷியல் ரோடில் சாமான் வாங்கிவிடு: முக்கால் சிபிவிசி எல்போ 2, கப்ளிங் (இரண்டு துண்டை நேராகச் சேர்ப்பது) 2, சொல்யூஷன் (பைப் ஒட்டுகிற பசை) சின்ன டப்பா, கிளாம்ப் 12. இரும்புப் பட்டை கிளாம்ப் வேண்டாம், பைப்புக்குன்றே வருகிற பிளாஸ்டிக் கிளாம்ப்.

பெரியப்பா, 1:30
இரும்பே போதும், உள்ளே பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினால் சத்தமும் வராது. நாற்பது வருடம் அப்படித்தான் செய்தேன்.

தம்பி, 1:37
ஜிஐக்கு அது அருமை. சிபிவிசிக்கு வேண்டாம் பெரியப்பா. சில ரப்பரிலும் மெத்தென்ற பிவிசியிலும் இருக்கிற எண்ணெய்ச் சத்து இந்த பைப்புக்குள் ஊறி, பட்ட இடத்தில் விரிசல் விடும். கம்பெனிக்காரன் கையேட்டிலேயே போட்டிருக்கிறான். ஒயர், கிரீஸ் எதையும் மேலே படவிடாதே என்றும் இருக்கிறது. எங்கள் சைட்டில் டியூப் சுற்றின இடத்திலேயே ஒரு பைப் போயிற்று.

பெரியப்பா, 1:58
அப்படியா. அது எனக்குத் தெரியாது. சரி, பிளாஸ்டிக் கிளாம்பே வாங்கு.

அக்கா, 2:00
எங்கப்பா "தெரியாது" என்று எழுதியிருக்கிறார். எல்லோரும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு

நான், மாலை 4:20
வேலை முடிகிற நிலைமை. பெரியப்பா முதல் பஸ்ஸிலேயே குன்னூரிலிருந்து வந்து ஏணிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். 18 அடியில் நடுவில் ஒரே ஒரு கிளாம்ப் மட்டும் கெட்டிப் பிடி, அங்கிருந்து பைப் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக நீளும். மற்றதெல்லாம் மூன்று அடிக்கு ஒன்று, தாங்குவதற்குத்தான், நெரிப்பதற்கு இல்லை. ஒவ்வொன்றையும் முடுக்கின பிறகு தம்பி பைப்பைக் கையால் தள்ளிப் பார்க்கிறான், வழுக்கவில்லை என்றால் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பி விடுகிறான். மூன்று வெட்டிலும் பைப்பைத் தூக்கி மேலே கொண்டுவந்தாயிற்று. சுவருக்குள் போகிற இடத்தில் சிமென்ட் வைத்து இறுக அடைத்திருந்தார்கள், அதைக் கொத்தி எடுத்து ஒரு பெரிய பைப் துண்டை உறை மாதிரி வைத்து அதற்குள் விட்டிருக்கிறோம். குளிரில் சொல்யூஷன் மெதுவாகத்தான் காயும், அதனால் நாளை மாலை வரை தண்ணீர் விடவில்லை.

சித்தி, 4:31
குளியல்?

நான், 4:31
அண்டாவும் விறகும் இருக்கே சித்தி.

பெரியப்பா, 5:10
பின்பக்கச் சுவரில் போகிற பச்சைத் தண்ணீர் பைப்பையும் பார்த்தேன். சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது, அரை இஞ்சாவது தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் நடுவில் நின்று கிளாம்ப் துருப்பிடிக்கும், உறை சுற்றவும் இடம் இருக்காது. தண்ணீர் உறைந்தால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும், பைப்புக்குள் அதற்கு இடம் ஏது. பனி விழுகிற ராத்திரியில் வால்வை மூடி, கடைசிக் குழாயைத் திறந்து வடிய விட்டுவிட்டுப் படுங்கள். பிப்ரவரி வரைக்கும்.

திங்கள்

சித்தி, இரவு 9:40
கீசர் போட்டேன். இவர் கால் கழுவினார். பாத்ரூம் கதவை மூடிவிட்டு நானும் இவரும் சமையலறையில் நின்று பத்து நிமிடம் மேலே பார்த்துக்கொண்டே இருந்தோம், கழுத்து வலிக்கிறது. ஒரு சத்தம் இல்லை. அரிசி டின் மூடி காய்ந்திருக்கிறது.

சித்தப்பா, 9:44
மூன்று சட்டத்துக்கும் பக்கப் பலகை இன்னும் பாக்கி. தாத்தா கட்டில் சட்டம் கொட்டகையில் கிடக்கிறது, நல்ல தேக்கு, அதை அறுத்துக்கொள்ளலாமா அண்ணா?

பெரியப்பா, 9:46
அதில் கை வைத்தால் நடப்பதே வேறு. மரக்கடையில் வாங்கு, பணம் நான் தருகிறேன்.

சித்தி, 9:47
புத்தக மூட்டை மூன்றும் இப்போது ஹாலில் கட்டிலுக்கு அடியில். மேலே ஏறினால் நான் பொறுப்பில்லை.