பெரியவர் 75 (அப்பாவிடம் சொல்லாதீர்கள்)

செவ்வாய்க்கிழமை, இரவு 8:05

பாப்பா அக்கா: எல்லோரும் பாருங்கள். அப்பாவின் 75 ஆவது பிறந்தநாளுக்கு வாங்கும் கால்பந்து ஜெர்சிக்குப் பெயரும் எண்ணும் நாளை காலை 11 மணிக்குள் சொல்லியாக வேண்டும். தாமதித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அச்சடித்துத் தர முடியாது என்கிறார் கடைக்காரர்.

கண்ணன் அண்ணன்: லிவர்பூல் கிளப் ஜெர்சிதானே?

பாப்பா அக்கா: ஆமாம். வேறென்ன வாங்குவது?

ஈப்போ மாமா: மான்செஸ்டர் யுனைடெட்டும் சிவப்புதான். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

பாப்பா அக்கா: மாமா, அன்றைக்கு அவர் பிறந்தநாள்.

குட்டி: சாலா 11. முடிந்தது.

கண்ணன் அண்ணன்: ஜெரார்ட் 8.

செந்தூல் அத்தை: மட்டன் எத்தனை கிலோ சொல்லியிருக்கிறீர்கள்? போன தடவை கடைசிப் பந்திக்கு எலும்புதான் வந்தது.

கண்ணன் அண்ணன்: 25 கிலோ அத்தை. பெரட்டல்.

பாப்பா அக்கா: 20 போடலாமே என்றார் கடைக்காரர். லிவர்பூல் 20 முறை இங்கிலாந்து லீக் எடுத்த கணக்கு.

குட்டி: 20 வேண்டாம் அக்கா. அது லிவர்பூலில் ஆடிய ஜோட்டாவின் எண். 2025 ஜூலையில் கார் விபத்தில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த எண்ணைக் கிளப் யாருக்கும் கொடுப்பதில்லை.

பாப்பா அக்கா: ஐயோ, எனக்குத் தெரியாது. நல்லவேளை சொன்னாய்.

சித்தப்பா: பிள்ளைகளே, அவசரப்பட வேண்டாம். அண்ணனோடு அறுபது வருடமாகப் பந்து பார்க்கிறவன் சொல்கிறேன். கோல் அடிக்கிறவனுக்காக அவர் ஒரு குழுவை விரும்பியதே இல்லை. டிவி முன்னால் உட்கார்ந்தால் என்னிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "பந்து வைத்திருக்கிறவனை எல்லோரும் பார்ப்பார்கள், பந்து இல்லாதவன் எங்கே ஓடுகிறான் பார்." சாலா, ஜெரார்ட் எல்லாம் பெரிய ஆட்டக்காரர்கள், மறுக்கவில்லை. ஆனால் இவர் முதுகில் எந்தப் பெயர் வரலாம் என்று யோசித்துத்தான் போட வேண்டும். கொஞ்சம் பொறுங்கள், எழுதுகிறேன்.

கண்ணன் அண்ணன்: சித்தப்பா எழுதுகிறார். எல்லோரும் தே கலக்கிக்கொண்டு வாருங்கள்.

ஈப்போ மாமா: பினாங்கு ஜெர்சி வாங்கினால் என்ன? பிறந்த மண். நீலமும் மஞ்சளும். அத்தான் சிட்டி ஸ்டேடியத்தில் கத்திய கத்தலுக்கு அதுதான் பொருத்தம்.

கண்ணன் அண்ணன்: அதுவும் சரிதான். 2016 பிப்ரவரியில் ஃபைஸ் சுப்ரி பஹாங்குக்கு எதிராக அடித்த ஃப்ரீ கிக்கை நானும் அப்பாவும் நேரில் பார்த்தோம். பந்து ஒரு பக்கம் போய் மறுபக்கம் வளைந்தது. அழகான கோலுக்கு ஃபீஃபா தரும் புஸ்காஸ் விருது கிடைத்ததே, அந்த கோல். ஸ்டேடியமே எழுந்து நிற்கிறது. அப்பா என்ன கேட்டார் தெரியுமா? "அந்த ஃப்ரீ கிக்கை வாங்கிக் கொடுத்த பையன் யார்?"

குட்டி: பெரியப்பா அப்படித்தான்.

செந்தூல் அத்தை: கேக் முட்டை இல்லாமல் சொல்லுங்கள். அன்று எனக்கு விரதம்.

இரவு 8:31

சித்தப்பா: ஷாங்க்லி 1959 டிசம்பரில் லிவர்பூலுக்கு மேலாளராக வந்தபோது அது இரண்டாம் டிவிஷனில் கிடந்த குழு. 1962 இல் மேலே கொண்டுவந்தார், 1964 இல் லீக் எடுத்தார். அவர் கொடுத்த பயிற்சி என்ன? மெல்வூட் திடலில் ஐந்துக்கு ஐந்து சின்ன ஆட்டம். வாங்கு, கொடு, நகர். தினமும் அதேதான். பார்க்க வந்த மற்றக் குழுக்காரர்கள் ஏதோ ரகசியம் இருக்கும் என்று எதிர்பார்த்து ஏமாந்து போனார்கள். பூட்ஸ் அடுக்கி வைக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. அவருடைய உதவியாளர்கள் பெய்ஸ்லி, ஃபேகன், மோரன், பென்னட் எல்லோரும் ஆட்டம் முடிந்து அங்கே உட்கார்ந்துதான் பேசுவார்கள். நம் பழைய வீட்டின் பின்கட்டு மாதிரி. ஒருவர் போனால் வெளியிலிருந்து ஆள் தேட மாட்டார்கள், அந்த அறையிலிருந்தே அடுத்தவர் வருவார்.

1973 இல் யூகோஸ்லாவியாவின் ரெட் ஸ்டார் பெல்கிரேட் குழு வீட்டிலும் வெளியிலும் இவர்களை 2–1, 2–1 என்று வென்றது. லிவர்பூலின் சொந்தத் திடல் ஆன்ஃபீல்டிலேயே வந்து பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆடிவிட்டுப் போனார்கள். ஷாங்க்லியும் ஆட்களும் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த அறையில் உட்கார்ந்து, நாம் பின்னாலிருந்து பந்தைத் தூக்கி அடிப்பதுதான் தப்பு என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகு தடுப்பு ஆட்டத்துக்கு முரட்டு ஆள் தேடவில்லை. நடுத்திடலில் ஆடிப் பழகிய மெலிந்த பையன் பில் தாம்சனைப் பின்னால் இறக்கினார்கள், பந்தைக் கீழேயே வைத்துக் கொண்டுவருவான் என்று. 1977, 78, 81 ஐரோப்பியக் கோப்பைகள் எல்லாம் அந்த ஒரு மாற்றத்திலிருந்து வந்தவை என்பது என் கணிப்பு.

ஈப்போ மாமா: 1977 என்றதும் ஞாபகம் வருகிறது.

கண்ணன் அண்ணன்: மாமா ஆரம்பித்துவிட்டார்.

ஈப்போ மாமா: 1977 மே 21, சனிக்கிழமை, எஃப்.ஏ. கோப்பை இறுதி. யுனைடெட் 2, லிவர்பூல் 1. மறுநாள் ஞாயிறு அக்காவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை கண் வீங்கி வந்து உட்கார்ந்திருக்கிறார், ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் அப்பா என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போய், "பையனுக்கு இஷ்டமில்லையா, விசாரி" என்றார்.

பெரியம்மா: நானும் அப்படித்தான் நினைத்து அழுதேன். அடுத்த வாரம் இவர் மிட்டாய் வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டு வந்தார். எனக்காக என்று நினைத்தேன். ரோமில் ஜெயித்ததற்காம்.

பாப்பா அக்கா: அம்மா, போனை அப்பா பார்த்துவிடப் போகிறார்!

பெரியம்மா: குளிக்கிறார்.

சித்தப்பா: அண்ணி சொன்னது அந்த மே 25. ஜெர்மனியின் மென்ஷன்கிளாட்பாக்கை 3–1. அதே வருடம் நம் பினாங்கு மலேசியக் கோப்பை இறுதியில் சிங்கப்பூரிடம் தோற்றது, அதையும் எழுதிவிடுகிறேன். 1974 இல் எடுத்ததுதான் கடைசி. சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெயர் கென்னடி, எண் 5.

குட்டி: 5 என்றால் தடுப்பு ஆட்டக்காரர் கொனாத்தே என்றுதான் நினைப்பார்கள்.

கண்ணன் அண்ணன்: கென்னடி? 1981 இல் பாரிஸில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக கோல் அடித்தவரா?

சித்தப்பா: அது ஆலன் கென்னடி, இடது பேக், எண் 3. நான் சொல்வது ரே கென்னடி. ஆர்சனல் 1971 இல் லீக்கும் கோப்பையும் சேர்த்து எடுத்தபோது முன்னணியில் நின்று கோல் அடித்தவர். 1974 இல் ஷாங்க்லி கடைசியாக வாங்கிய ஆள். வந்து சேர்ந்த அன்றைக்கே ஷாங்க்லி விலகுவதாக அறிவிப்பு. புது மேலாளர் பெய்ஸ்லி. ஒரு வருடம் போல முன்னணியில் சரியாக அமையவில்லை. பெய்ஸ்லி அவரை நடுத்திடலின் இடது பக்கம் போட்டார். யோசித்துப் பாருங்கள், இங்கிலாந்து முழுவதும் கோல் அடிக்கிறவன் என்று பெயர் வாங்கியவர். இறங்கி வந்து ஆடினார். பந்து உயரத்தில் வந்தால் நெஞ்சில் வாங்கி இறக்கி, எளிமையான ஒரு பாஸ். 81 அரையிறுதியில் மியூனிக்கில் முன்னணி ஆட்டக்காரர் தல்கிளிஷ் முதல் பத்து நிமிடத்திலேயே காயத்தில் வெளியே போய்விட்டார். 83 ஆவது நிமிடம் பாயர்னுக்கு எதிராக கோல் போட்டது இந்த ரே. ஆட்டம் 1–1, வெளியூரில் அடித்த கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற கணக்கில் இறுதிக்குப் போனார்கள். 2021 நவம்பரில் அவர் இறந்த செய்தி வந்த அன்று அண்ணன் கடைக்குத் தேத்தண்ணீர் குடிக்கக்கூட வரவில்லை.

குட்டி: அப்பா, மதிக்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பெய்ஸ்லியின் லிவர்பூல் வேறு, பின்னால் வந்த மேலாளர் கிளாப்பின் லிவர்பூல் வேறு. நீங்கள் சொல்வது நிதானமாகப் பந்தை வைத்துக்கொள்ளும் ஆட்டம். கிளாப்புடையது பந்தை இழந்த இடத்திலேயே, எதிரி தலை நிமிர்வதற்குள் பிடுங்குவது. 2019 இல் பார்சிலோனாவை 4–0 அடித்தது அப்படித்தான். இரண்டையும் சேர்த்து ஒரே பரம்பரை என்று நீங்கள் எப்போதும் சொல்வது எப்படிச் சரியாகும்?

சித்தப்பா: நியாயமான கேள்வி. வேகம் மாறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று கிளாப்பின் குழுவுக்கு எண் 9 யாருடையது?

குட்டி: ஃபிர்மினோ.

சித்தப்பா: அவன் பின்னால் இறங்கி வந்து பந்தைப் பிடுங்குவான். அவன் காலி செய்த இடத்தில் சாலாவும் மானேயும் ஓடி கோல் அடிப்பார்கள். கோல் அடிக்க வேண்டிய 9 போட்டவன் செய்கிற வேலையா அது? ரே கென்னடி என்ன செய்தாரோ அதுதான். என் கணக்கில் அந்த கிளப்பின் அடையாளம் பாஸும் இல்லை, ஓட்டமும் இல்லை. தன் இடத்தை விட்டுக்கொடுக்கிறவனுக்கு அங்கே மரியாதை இருக்கிறது. அண்ணனுக்குப் பிடித்தது அது.

குட்டி: பார்சிலோனா ஆட்டத்தில் ஃபிர்மினோ இல்லை. காயம். அவர் இடத்தில் ஆடிய ஒரிகி இரண்டு அடித்தார்.

சித்தப்பா: அதுவும் சரி.

ஈப்போ மாமா: கடைக்குப் பக்கத்தில் பார்க்கிங் இருக்கிறதா? மண்டபத்துக்கு வரும்போது நானே எடுத்து வருகிறேன்.

பாப்பா அக்கா: மாமா, அது பிறையில். மண்டபம் செபராங் ஜெயாவில்.

சித்தப்பா: இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். துறைமுகக் குழுவில் அண்ணன்தான் முன்னணி. நடு அண்ணன் வேலைக்குச் சேர்ந்து குழுவுக்கு வந்த வருடம், அவர் தானாகவே இடது பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு நடு அண்ணன்தான் கோல். மூன்று வருடம் பட்டர்வொர்த்தில் அவர் பெயர்தான்.

நீங்கள்: நடு அண்ணன் என்றால் என் அப்பா. அவர் இதை எங்களிடம் சொன்னதே இல்லை சித்தப்பா.

சித்தப்பா: உன் அப்பாவுக்கே தெரியாது தம்பி. முழங்கால் வலி, ஓட முடியவில்லை என்று பெரியண்ணன் பொய் சொன்னார். என்னிடம் மட்டும் சொன்னார், நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். வீட்டிலும் அவர் அப்படித்தான் செய்தார். அப்பா இறந்தபோது அவருக்கு 20 வயது. துறைமுகத்துக்குப் போய் மூட்டைக் கணக்கு எழுதினார். என்னை ஆசிரியர் கல்லூரி வரை படிக்க வைத்தார். அதனால்தான் 5 என்கிறேன்.

இரவு 9:02

செந்தூல் அத்தை: உன்னைப் படிக்க வைத்தார், உண்மை. நான் மூன்றாம் படிவத்தோடு நின்றேன் தம்பி. காலையில் முதல் பெர்ரி ஏறி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போனேன். அப்போது பாலம் இல்லை. என் சம்பளக் கவரும் அம்மா கைக்குத்தான் போனது. உன் கல்லூரிக் கட்டணத்தில் அதுவும் இருந்தது.

செந்தூல் அத்தை: பெரியண்ணனைக் குறை சொல்லவில்லை. இடம் மாறி ஆடியவர்களை எண்ணினால் என்னையும் சேர்த்து எண்ணு.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கண்ணன் அண்ணன்: அத்தை...

சித்தப்பா: அக்கா, நீ சொல்வது உண்மை. இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மைக் என் கையில்தான். முதலில் உன்னைப் பற்றிப் பேசுகிறேன்.

செந்தூல் அத்தை: மைக்கில் எல்லாம் வேண்டாம். நீ ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும்.

பாப்பா அக்கா: அத்தை, உங்கள் ஜெர்சி அளவு என்ன?

செந்தூல் அத்தை: எனக்கு எதற்குச் சட்டை? புடவையோடு வருகிறவளுக்கு.

பாப்பா அக்கா: அளவு மட்டும் சொல்லுங்கள்.

செந்தூல் அத்தை: கேக்கைக் கவனி முதலில்.

ஈப்போ மாமா: ஆளுக்கு எவ்வளவு வெள்ளி? இரண்டு சட்டை என்றால் நான் ஒன்றுக்குக் கொடுக்கிறேன். லிவர்பூலுக்கு நான் பணம் கொடுத்தேன் என்று மட்டும் அத்தானிடம் சொல்லாதீர்கள்.

குட்டி: 5 சரி. ஆனால் கென்னடி என்று போட்டால் எல்லோரும் அமெரிக்க ஜனாதிபதி என்று கேட்பார்கள். பெரியப்பா பெயரையே போட்டு 5 போடலாம்.

கண்ணன் அண்ணன்: குட்டி சொல்வதும் நன்றாக இருக்கிறது.

சித்தப்பா: தன் பெயர் எழுதிய சட்டையை அவர் போட மாட்டார். அடுக்கித்தான் வைப்பார்.

பாப்பா அக்கா: அப்படியானால் எண் மட்டும்? பெயர் இல்லாமல்? அந்தக் காலச் சட்டையில் பெயரே கிடையாதே.

சித்தப்பா: இது நல்ல யோசனை. இருந்தாலும் இரவு யோசிக்கிறேன்.

பாப்பா அக்கா: காலை 11 மணி, சித்தப்பா. அம்மா, அப்பாவுக்கு எல் அளவுதானே?

பெரியம்மா: எல் தொளதொள என்று இருக்கும். தோள் இறங்கிவிட்டது. போன தீபாவளிச் சட்டையை எடுத்து அளந்தேன், தோளுக்குத் தோள் 17 அங்குலம். எம் பார்.

பாப்பா அக்கா: எம் மார்பில் இறுக்குமே அம்மா. கடைக்காரரிடம் கேட்கிறேன்.

பெரியம்மா: சரி, கேள். குளித்துவிட்டு வந்துவிட்டார். யாரோடு இவ்வளவு நேரம் பேசுகிறாய் என்கிறார்.

ஈப்போ மாமா: மட்டன் விலை என்று சொல் அக்கா.

செந்தூல் அத்தை: 25 கிலோ பற்றாது.