'தோல் மாதிரி' வேண்டாம், 'ஆய்வுத்தோல்' என்போம்

ஐயா, வணக்கம்.

ஆய்வகத்தில் பூஞ்சையை இட்டு வளர்த்துப் பார்க்கும் தோலுக்கு (skin model) நம் கலைச்சொல் பட்டியலில் நீங்கள் இட்டிருக்கும் 'தோல் மாதிரி'யை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கேண்டிடா ஆரிஸையே எடுத்துக்கொள்வோம். 2009இல் ஜப்பானில், ஒரு நோயாளியின் காதுக்குழாயில் கிடைத்ததாக முதலில் விவரிக்கப்பட்ட ஈஸ்ட் வகைப் பூஞ்சை அது. இன்று நோயாளிகளின் தோலில் மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்து மருத்துவமனைகளில் பரவுகிறது, ஃபுளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து பெரும்பாலும் கேட்பதில்லை. அது இருக்கிறதா என்று பார்க்க அக்குளிலும் தொடையிடுக்கிலும் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுக்கிறார்களே, அதைத்தான் ஆய்வகத்தில் எல்லோரும் மாதிரி என்கிறோம். 'தோல் மாதிரியில் பூஞ்சை வளர்ந்தது' என்று எழுதினால் நோயாளியிடம் பூஞ்சை இருக்கிறது என்றா, ஆய்வகத்தில் நாமே இட்டது வளர்ந்தது என்றா? படிக்கும் செவிலியர் முதல் பொருளைத்தான் எடுப்பார்.

அதனால் பொதுச்சொல்லாக 'ஆய்வுத்தோல்'. அதற்குள் இரண்டு வகை. மனிதத் தோல் செல்களைச் சவ்வின் மேல் இட்டு, அடியில் ஊட்டக்கரைசலும் மேலே காற்றும் படும்படி வளர்த்தால் அவை அடுக்கடுக்காக எழும்பி, உச்சியில் செத்த செல்களாலான கெட்டி அடுக்கு வரை தாமே உண்டாக்கிக்கொள்ளும், இது 'நிகர்த்தோல்'. பன்றியிடமிருந்து எடுத்து அப்படியே பயன்படுத்துவது 'வெட்டுத்தோல்'. இதற்கு அக்கா சொன்ன 'செயற்கைத் தோல்' தீக்காயத்துக்குப் போர்த்துவதை நினைவூட்டுகிறது, தவிர பன்றித்தோலில் செயற்கை ஏது?

ஆய்வுத்தோலைத் தனித்துக் காட்டுவது சொல்லுக்காக மட்டும் இல்லை. பூஞ்சையை வழக்கமாக வளர்க்கும் பிளாஸ்டிக் தட்டில் வியர்வையும் இல்லை, தோலின் கொழுப்பும் இல்லை. 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், அக்குள் வியர்வையைப் போலத் தயாரித்த கரைசலில் கேண்டிடா ஆரிஸ் பல அடுக்காகத் திரண்டு, அதன் உறவுப் பூஞ்சையான கேண்டிடா அல்பிகன்ஸைவிட ஏறத்தாழ 10 மடங்கு பெருகியிருந்தது, பன்றித்தோலிலும் அடர்த்தியாகவே படர்ந்தது.

இப்படி நுண்ணுயிர்கள் ஒட்டித் திரளும் அடுக்குக்கு (biofilm) 'உயிரிப்படலம்' அப்படியே இருக்கட்டும், சரியான சொல். ஆனால் அதற்குள் மருந்து பலிக்காததை வெறுமனே 'மருந்தெதிர்ப்பு' என்றால் போதாது. மரபணு மாறியதால் வரும் எதிர்ப்பு வேறு. செல்களைச் சுற்றியுள்ள, மேனன், குளூக்கன் என்ற சர்க்கரைத் தொடர்களாலான பிசின் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வது வேறு. பின்னதற்குப் 'படலக்காப்பு' எனலாமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். தோலின் உச்சியில் இருக்கும் அந்தக் கெட்டி அடுக்கைக் 'கொம்புப்படலம்' என்று எழுதினால் உயிரிப்படலத்தோடு ஒரே வரியில் வரும்போது குழப்புகிறது. 'கொம்படுக்கு' என்று மாற்றிவிடலாமா, யாருக்கேனும் மறுப்பு உண்டா?