ஹெடருக்கு செராமிக் கோட்டிங் அடிக்கலாமா? நாளைக்குள்ள சொல்லணும்

கோவை_விடெக்
நண்பர்களே, 4-2-1 ஹெடர் (நாலு எக்ஸாஸ்ட் குழாய் ரெண்டாகி, அப்புறம் ஒண்ணா கூடுற செட்) போட்டிருக்கேன். பானெட் திறந்தா அனல் முகத்துல அடிக்குது. ரேடியேட்டர் ஃபேன் நிக்கவே மாட்டேங்குது. கோட்டிங் கடையில நாளைக்கே கழட்டிட்டு வரச் சொல்றாங்க. அடிக்கலாமா, காசு தண்டமா? அவசரம்.

நாலு_சிலிண்டர்
என்ன வண்டி? ஹெடர் எம்.எஸ்ஸா (சாதா ஸ்டீல்), எஸ்.எஸ்ஸா (ஸ்டெயின்லெஸ்)? புதுசா, ஓடினதா? கடைக்காரர் சொல்றது எந்தக் கோட்டிங்? ஃபேன் நிக்காதது ஏசி போட்டிருக்கும்போதா, போடாதப்பவுமா?

ராப்_ராஜா
கோட்டிங்கே வேண்டாம் ப்ரோ. 2 இன்ச் டைட்டானியம் ராப் (குழாய் மேல சுத்துற சூடு தாங்குற நாடா), 15 மீட்டர் ரோல் ஒண்ணு. கால் இன்ச் மேல ஏறுற மாதிரி இழுத்துச் சுத்தி, எஸ்.எஸ் டை போட்டு இறுக்கினா ஒரே மத்தியானத்துல வேலை முடிஞ்சுது.

பழைய_பிஸ்டன்
இந்தக் கேள்வி இங்க எத்தனையோ தடவை வந்தாச்சு தம்பி. கேக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் தேடிப் படிக்கணும். காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டினா எம்.எஸ், ஒட்டலேன்னா எஸ்.எஸ். இதுகூடத் தெரியாம ஹெடர் வாங்கக் கூடாது.

ஆர்கன்_வெல்டர்
அண்ணே, காந்தத்தை மட்டும் நம்பக் கூடாது. எஸ்.எஸ்ல 304 கிரேடுதான் ஒட்டாது, 409 கிரேடு நல்லாவே ஒட்டும். எக்ஸாஸ்ட்ல 409 நிறைய வருது. துருவைப் பாருங்க. நகத்தால கீறினா செதில் செதிலா வந்தா எம்.எஸ். 409ல மேலாப்புல பழுப்புக் கறைதான் இருக்கும்.

கோவை_விடெக்
சாரி. ஹோண்டா சிட்டி ஓஎச்சி விடெக், 1.5 லிட்டர். எம்.எஸ்தான், செதில் வருது. ரெண்டு மாசம் ஓடியிருக்கு. ஏசி போடாமலும் ஃபேன் ஓடுது. கடைக்காரர் "கார் பாடிக்கு அடிக்கிற அதே செராமிக்"னு சொன்னார்.

நாலு_சிலிண்டர்
அந்தக் கடைக்குக் கொடுக்காதீங்க! பாடிக்கு அடிக்கிற செராமிக் பெயிண்ட் மேல பளபளப்புக்குப் போடுறது. பேர்தான் ஒண்ணு, சரக்கு வேற. பவுடர் கோட்டிங் கடையும் ஆகாது. அது 200 டிகிரி வாக்குல சுடுற பொடி, ஹெடர்ல புகைஞ்சு கருகி உரியும். ஆக்சிலரேட்டரை முழுசா அழுத்தினா எக்ஸாஸ்ட் கேஸ் சூடு 800 டிகிரியைத் தொடும். எக்ஸாஸ்ட்டுக்குன்னே உள்ள செராமிக் வேணும், 900 டிகிரிக்கு மேல தாங்கும்னு டப்பாவுல போட்டிருக்கணும்.

ஓடின ஹெடர்ங்கறதால முதல்ல அடுப்புல 350 டிகிரில ரெண்டு மணி நேரம் சுட்டு எண்ணெய், கரியை எரிக்கணும். அப்புறம் 100–120 கிரிட் அலுமினியம் ஆக்சைடு பிளாஸ்ட் (மணல் மாதிரி பொடியைக் காத்தோட அடிச்சுச் சொரசொரப்பாக்குறது), அசிட்டோன் துடைப்பு. அதுக்கு மேல வெறுங்கை படக் கூடாது, விரல் ரேகை பட்ட இடத்துலதான் முதல்ல உரியும். 25–50 மைக்ரான் போதும். தடிப்பா அடிச்சா ரெண்டாவது சூட்டுலயே சில்லு தெறிக்கும்.

ஆர்கன்_வெல்டர்
இதோட ரெண்டு சேர்த்துக்குங்க. ஹெடர் இன்ஜினோட சேர்ற ஃபிளாஞ்ச் முகத்துல கோட்டிங் படக் கூடாது, கேஸ்கெட் லீக் ஆகும். ஆக்சிஜன் சென்சார் ஓட்டையில பழைய சென்சாரை முறுக்கி விட்டுட்டு அடிக்கச் சொல்லுங்க. இல்லேன்னா பின்னாடி 18க்கு 1.5 டேப் (மரை வெட்டுற டூல்) ஓட்டித்தான் மரையை மீட்கணும். பிளாஸ்ட் முடிஞ்சதும் நாலு குழாயும் கூடுற கலெக்டர் கழுத்தைப் பாருங்க, அங்கதான் விரிசல் விடும். கோட்டிங்குக்கு முன்னாடியே வெல்ட் பண்ணிடணும். அப்புறம் ஆர்க் வச்சா சுத்தி ரெண்டு இன்ச் கருகிடும்.

ராப்_ராஜா
இவ்வளவு பாடு எதுக்கு? ரேஸ் வண்டியில எல்லாம் ராப்தானே சுத்தியிருக்கான்?

ஆர்கன்_வெல்டர்
ரேஸ் வண்டியில ஹெடரை அடிக்கடி கழட்டிப் பார்ப்பாங்க, போனா மாத்திடுவாங்க. இவர் மழையில ஓட்டுற வண்டி. ராப் தண்ணியைக் குடிச்சு வச்சுக்கும், உள்ள குழாய் இன்னும் சூடேறும். எம்.எஸ்ஸுக்கு ரெண்டும் எமன். சுத்தினதைப் பிரிச்சா குழாய் இலை இலையா கையோட வரும்.

பழைய_பிஸ்டன்
கோட்டிங் அடிச்சா பவரும் கூடும். கேஸ் சூடா இருந்தா வேகம் குறையாது, ஸ்கேவெஞ்சிங் (எரிஞ்ச கேஸை சிலிண்டர்ல இருந்து இழுத்து வெளியேத்துறது) நல்லா இருக்கும். இது அடிப்படை.

நாலு_சிலிண்டர்
தத்துவம் சரி சார். ஆனா டர்போ இல்லாத 1.5 லிட்டர் இன்ஜின்ல அது டைனோவோட (பவர் அளக்கிற மெஷின்) ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே மறைஞ்சுடும். பவருக்காகக் காசு போட வேண்டாம். துருவுக்கும் அனலுக்கும் போடலாம், எம்.எஸ்ஸுக்கு அது நியாயமான செலவு.

பழைய_பிஸ்டன்
டைனோவுல ஏத்தி அளந்துட்டுப் பேசணும்.

டெம்பரேச்சர்_கேஜ்
பவர் சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். ஃபேன் விஷயத்தை எல்லாரும் விட்டுட்டீங்க. ஃபேன் சுவிட்ச் பார்க்கிறது கூலன்ட் சூட்டை, பானெட் அனலை இல்ல. இந்த இன்ஜின்ல எக்ஸாஸ்ட் முன்பக்கம், ரேடியேட்டருக்கு நேர் பின்னால. அதனால அனல் கொஞ்சம் படும், ஒத்துக்கறேன். அதுக்காக ஏசி இல்லாமலும் ஃபேன் நிக்காம ஓடாது. தெர்மோஸ்டாட்டை (சூடானா திறந்து கூலன்ட்டை ரேடியேட்டர் வழியா ஓட விடுற வால்வு) கழட்டித் தண்ணியில போட்டு, தெர்மாமீட்டரோட கொதிக்க விடுங்க. 78 டிகிரி வாக்குல திறக்க ஆரம்பிச்சு 90ல முழுசா, 8 மில்லிமீட்டராவது திறக்கணும். கூலன்ட் அளவு, கூலன்ட் குழாய்ல காத்து அடைப்பு ரெண்டையும் பாருங்க. இதைச் சரி பண்ணாம கோட்டிங் அடிச்சா ஃபேன் அப்படியேதான் ஓடும்.

கோவை_விடெக்
கடையில எத்தனை டிகிரி தாங்கும்னு கேட்டேன், பதில் இல்ல. கொடுக்கல. தெர்மோஸ்டாட் கொதிதண்ணியிலயும் பாதிதான் திறந்துச்சு. மாத்தினதும் ஃபேன் நின்னு நின்னு ஓடுது. கலெக்டர் கழுத்துல முடி மாதிரி ஒரு விரிசல் இருக்கு. வெல்ட் பண்ணிட்டு வேற கடை தேடறேன். எல்லாருக்கும் நன்றி.

நாலு_சிலிண்டர்
கோட்டிங் முடிஞ்சு மாட்டினதும் 10 நிமிஷம் ஐடிலிங், கை வைக்கிற அளவுக்கு ஆற விடுங்க. இன்னொரு தடவை அதே மாதிரி. அது வரைக்கும் ரெவ் ஏத்தாதீங்க. லேசா புகையும், பயப்பட வேண்டாம்.