நியூயார்க்கில் மூன்று இரவு: கச்சேரி கேட்பதா, ஜாமில் ஏறுவதா?

சாக்ஸ்பித்தன்:
ஜாஸ் சாக்ஸபோன் படிக்கும் என் தங்கச்சி பையன் வெள்ளி முதல் ஞாயிறு வரை நியூயார்க்கில் இருக்கப்போகிறான். மூன்று ராத்திரியும் ஜாம் செஷனில், அதாவது வந்த கலைஞர்கள் யாரும் ஒத்திகையில்லாமல் மேடையேறிச் சேர்ந்து வாசிக்கும் இடத்தில், ஏறி வாசிடா என்று சொல்லியிருக்கிறேன். கச்சேரியை ரெக்கார்டில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். பெபாப் என்கிற வேகமான ஜாஸ் பாணி எங்கே உருவானது? 1940களின் தொடக்கத்தில் நியூயார்க் ஹார்லெமின் மின்டன்ஸ் பிளேஹவுஸ் கிளப்பில். பியானோ தெலோனியஸ் மங்க்கும் டிரம்ஸ் கென்னி கிளார்க்கும் அங்கே நிரந்தரக் குழுவில் வாசித்தவர்கள். டிரம்பெட் டிஸ்ஸி கில்லெஸ்பி போன்றவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். சம்பளமில்லாமல் ஜாம் வாசித்தால் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் போட்ட காலம் அது. உரிமையாளர் ஹென்றி மின்டனே சங்கப் பிரதிநிதியாக இருந்தவர் என்பதால் அங்கே அந்தப் பயம் இல்லை.

கீழ்சுதி:
ரெக்கார்டு போதும் என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் நிலவறை ஜாஸ் கிளப்பான வில்லேஜ் வான்கார்டில் பியானோக் கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு வாசித்த ரெக்கார்டைக் கேட்டிருப்பீர்கள். ஸ்காட் லஃபாரோ டபுள் பாஸில் வெறுமனே தாளம் காக்காமல் பியானோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போவார். பின்னணியில் கிளாஸ் சத்தம், பேச்சு. அதற்கு நடுவே அவ்வளவு சன்னமாக வாசிக்க என்ன துணிச்சல் வேண்டும் என்பது அந்த நிலவறையில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, லஃபாரோ கார் விபத்தில் போய்விட்டார். 25 வயசு.

சாக்ஸ்பித்தன்:
கேட்பதால் ரசிகன் உருவாவான் சார். வாசிப்பவன் அடிபட்டுத்தான் உருவாக வேண்டும். 1936இல் கான்சாஸ் சிட்டி ஜாமில், பின்னாளில் பெபாப்பின் பெரிய சாக்ஸபோன் கலைஞரான சார்லி பார்க்கர் தடுமாறியதும், டிரம்மர் ஜோ ஜோன்ஸ் டிரம்ஸின் சிம்பல் தட்டைக் கழற்றி அவர் காலடியில் வீசினார். பார்க்கருக்கு அப்போது பதினைந்து பதினாறு வயசுதான்.

கீழ்சுதி:
அதற்கப்புறம் என்ன செய்தார் என்பதையும் சொல்லுங்கள். 1937 கோடையில் ஓசார்க் மலைப்பக்கம் வேலைக்குப் போனபோது சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் ரெக்கார்டுகளைக் கொண்டுபோய், அவர் தனியாக வாசித்த சோலோக்களை ஒவ்வொன்றாகக் கேட்டு மனப்பாடம் செய்தார். கேட்டதுதான் அவரைத் தூக்கி நிறுத்தியது.

சாக்ஸ்பித்தன்:
அந்த அவமானம் இல்லாவிட்டால் அப்படி வெறியோடு உட்கார்ந்து கேட்டிருப்பாரா?

பிரஷ்குச்சி:
நான் டிரம்ஸ் வாசிப்பவன். வார இறுதி ஜாம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு நள்ளிரவு தாண்டியும் காத்திருக்க வேண்டும். சுவரோரமாக ஊதுபவர்கள் வரிசை கட்டி நிற்பார்கள். 12 பார் ப்ளூஸ், அதாவது நாலு பீட் வீதம் 12 பார் கொண்ட பாட்டு, நிமிஷத்துக்கு 200 பீட் என்றால் ஒரு கோரஸ், அதாவது பாட்டின் ஒரு முழுச் சுற்று, 15 வினாடிகூட வராது. புதுப் பையனுக்கு இரண்டு மூன்று கோரஸ்தான் மரியாதை. ஏழெட்டு எடுத்தால் பியானோக்காரர் முகம் மாறிவிடும்.

கீழ்சுதி:
பார்த்தீர்களா? முக்கால் நிமிஷம் வாசிக்க மூன்று ராத்திரியா!

பிரஷ்குச்சி:
இருங்க அண்ணே, நான் உங்கள் கட்சி இல்லை. எங்கே நிறுத்துவது, அடுத்தவருக்கு எப்படி இடம் விடுவது, டிரம்மர் எங்கே தள்ளுகிறார் என்பதெல்லாம் அந்த முக்கால் நிமிஷத்தில் உடம்பில் ஏறும். வரிசையில் நின்று மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்பதும் கேட்பதுதானே? வான்கார்டில் எட்டு மணிக் கச்சேரியைக் கேட்டு முடித்துவிட்டு, ஜாம் நடக்கும் ஸ்மால்ஸ் கிளப்புக்கு, மேற்குப் பத்தாவது தெருவுக்கு, நடந்தே போய்விடலாம்.

சாக்ஸ்பித்தன்:
அப்படியானால் சனிக்கிழமை மட்டும் வான்கார்டு. வெள்ளியும் ஞாயிறும் ஜாம்தான், அதில் நான் இறங்கி வர மாட்டேன்.

கீழ்சுதி:
ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுங்கள் சார். வான்கார்டில் பெரும்பாலும் செவ்வாயில் தொடங்கும் குழு ஞாயிறு வரை வாசிக்கும். ஆறாவது ராத்திரியில் அந்தக் குழு ஒருவரை ஒருவர் கேட்கும் விதமே வேறு. அதைத்தான் பையன் கேட்க வேண்டும்.