நவம்பர் கடைசியில் கும்பகோணம் டு சிட்னி: திருச்சியா, சென்னையா? மழையில் விமானம் நின்றால் என்ன செய்வது?

அரசலாற்றங்கரை

அப்பாவும் அம்மாவும் (68, 63) நவம்பர் 28 சிட்னி கிளம்புகிறார்கள். டிக்கெட் இன்னும் போடவில்லை. ஏஜென்ட் இரண்டு வழி சொல்கிறார்.

முதல் வழி: திருச்சி–சிங்கப்பூர் ஒரு நிறுவனம், சிங்கப்பூர்–சிட்னி வேறு நிறுவனம், தனித்தனி டிக்கெட். திருச்சியில் 00:35-க்குக் கிளம்பி சிங்கப்பூரில் அந்த ஊர் நேரப்படி காலை 7:15-க்கு இறங்குகிறது. அடுத்த விமானம் 10:25.

இரண்டாவது வழி: ஒரே டிக்கெட்டில் திருச்சி–சிங்கப்பூர்–சிட்னி. தலைக்கு 11,000 ரூபாய் கூடுதல், சிங்கப்பூரில் ஆறு மணி நேரம் உட்கார வேண்டும்.

சென்னையிலிருந்து போனால் நேரம் தோதாக இருக்கிறது. ஆனால் அந்த வாரம்தான் புயல் வாரமாச்சே என்று பயம். எது பாதுகாப்பு? விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ என்ன கிடைக்கும்? முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்?

மெயின்லைன்

11,000 கொடுத்து ஒரே பிஎன்ஆரில் (ஒரே முன்பதிவு எண்ணில்) போடுங்க. கணக்கைப் பார்த்தாலே புரியும்.

காலை 7:15-க்கு இறங்கி 10:25 விமானம் என்றால் 3 மணி 10 நிமிடம் இருக்கிற மாதிரி தெரியும். சர்வதேச விமானங்களுக்குச் செக்-இன் கவுண்டரைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்னால் மூடிவிடுவார்கள். ஆக 9:25. கையில் இருப்பது 2 மணி 10 நிமிடம். அதற்குள் விமானத்தை விட்டு இறங்கி, இமிக்ரேஷன் வரிசையில் நின்று, பெல்ட்டில் பெட்டி எடுத்து, சுங்கம் தாண்டி, தேவையானால் டெர்மினல் மாறி, மறுபடி பெட்டி போட வேண்டும். வயதானவர்களுக்கு இதற்கே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். திருச்சியில் முக்கால் மணி நேரத் தாமதம் போதும், சிட்னி விமானம் போச்சு. தனி டிக்கெட்டில் இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை உங்க அப்பா அம்மா வராத பயணிகள், அவ்வளவுதான். பணமும் வராது, மாற்று சீட்டும் வராது.

இன்னொன்றை ஏஜென்ட்கள் சொல்வதே இல்லை. பெட்டி எடுக்க வெளியே வந்தால் அது சிங்கப்பூருக்குள் நுழைவதாகக் கணக்கு. இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். ஆஸ்திரேலிய விசா வைத்திருப்பவர்களுக்கு 96 மணி நேரம் விசா இல்லாமல் நுழையும் வசதி உண்டு, ஆனால் அதற்கு நிபந்தனைகள் இருக்கு: விசா ஒருமுறை மட்டும் நுழையும் வகையாக இருக்கக் கூடாது, உறுதியான அடுத்த டிக்கெட் கையில் இருக்கணும். வருகை அட்டையையும் ஆன்லைனில் நிரப்பணும், அதை இறங்குவதற்கு மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். ஒரே பிஎன்ஆர் என்றால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை, டிரான்சிட்டிலேயே உட்கார்ந்துவிடலாம்.

ஒரே பிஎன்ஆரில் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தப்பினால், அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. அந்த 11,000 இதற்குத்தான். ஆறு மணி நேரம் உட்காருவதைப் பெரிதாக நினைக்காதீங்க, சிங்கப்பூரின் சாங்கி ஏர்போர்ட்டில் சாய்ந்து படுக்கிற நாற்காலிகள் இருக்கு.

தேதியைக் கவனிங்க. 28-ஆம் தேதி 00:35 என்றால் வீட்டை விட்டுக் கிளம்புவது 27 சாயங்காலம். 28 ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போய் ஏர்போர்ட்டில் முழிக்கிற கூட்டம் ஒவ்வொரு சீசனிலும் உண்டு.

வெண்ணாறு_தெற்கு

பிஎன்ஆர் விஷயத்தில் மெயின்லைன் சார் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் டெல்டாக்காரர்களுக்கு முதல் கண்டம் விமானம் அல்ல, வீட்டிலிருந்து ஏர்போர்ட் வரைக்கும் உள்ள வழிதான்.

சென்னை விமான நிலையத்தின் கதை தெரிந்ததே. 2015-ல் டிசம்பர் 1 இரவு மூடியது, 6-ஆம் தேதிதான் பயணிகள் விமானம் மெல்லத் தொடங்கியது. அடையாற்று வெள்ளம் ஓடுபாதைக்கே வந்துவிட்டது. மிக்ஜாம் வந்தபோது 2023 டிசம்பர் 4 முழுக்க மூடல். ஃபெஞ்சலுக்கு 2024 நவம்பர் 30 மதியம் மூடி, நள்ளிரவு தாண்டித்தான் திறந்தார்கள். திறந்த உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். புயல் வருமுன் விமானங்களை வேறு ஊருக்கு நகர்த்திவிடுவார்கள். விமானம் திரும்ப வரணும், பைலட்டுகளின் வேலை நேர வரம்பு முடிந்திருந்தால் மாற்று ஆள் வரணும், நின்றுபோன பயணிகளைக் காலி சீட்டு இருக்கிற விமானங்களில் திணிக்கணும். ஒரு நாள் மூடினால் இரண்டு மூன்று நாளுக்கு அதன் வால் இருக்கும்.

அதை விட முக்கியம் இது. ஃபெஞ்சல் கரை கடந்த பிறகு, 2024 டிசம்பர் 2-ஆம் தேதி, விழுப்புரம் பக்கம் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்தினார்கள். அதே நாளில் அரசூர் பக்கம் தென்பெண்ணை வெள்ளம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை மறித்தது. அதாவது சென்னை ஏர்போர்ட் திறந்திருந்தும் நம்ம ஊரிலிருந்து ரயிலிலும் போக முடியாது, திருச்சி நெடுஞ்சாலை வழியாகக் காரிலும் போக முடியாது. 

அதனால் என் ஓட்டு திருச்சிக்கு. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் 40 கிலோமீட்டர், அங்கிருந்து ஏர்போர்ட் இன்னொரு 60 பக்கம். கடலோரப் புயல் திருச்சியை அடைவதற்குள் பெரும்பாலும் வலுவிழந்துவிடும். ஆனால் திருச்சியிலும் ஒரு குறை உண்டு: சென்னை அளவுக்கு விமானங்கள் கிடையாது. ஒன்று ரத்தானால் மறுநாள் சீட்டுக்கு அடிபிடி.

சாலை விஷயத்தில் கஜாவை மறக்காதீங்க. 2018 நவம்பர் 16-ல் கரை கடந்தபோது டெல்டா முழுக்க மரமும் மின்கம்பமும் ரோட்டில் கிடந்தன, கரண்டும் செல்போன் டவரும் போயின. வானிலை மையம் டெல்டாவுக்கு ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கொடுத்தால் 26-ஆம் தேதி மதியமே கிளம்பித் திருச்சியில் அறை எடுத்துத் தங்கிவிடுங்க. பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி அறையை இப்போதே போட்டு வைக்கலாம். மழை இல்லையென்றால் ரத்து செய்துவிட்டு 27 சாயங்காலம் காரில் போனால் போதும்.

சென்னைதான் என்று முடிவானால் ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கும், ஒரு நாள் முன்கூட்டிப் போகிற மாதிரி போடுங்க. எழும்பூர் வரைக்கும் போகாமல் தாம்பரத்தில் இறங்கி, லோக்கல் ரயிலில் திரிசூலம் வந்தால் எதிரிலேயே ஏர்போர்ட்.

தூக்குச்சட்டி

என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள்.

இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, ரத்து செய்வதை இரண்டு வாரத்துக்கு முன் சொல்லிவிட்டால் மாற்று விமானமோ முழுப் பணமோ, உங்கள் விருப்பம். சரியான நேரத்தில் சொல்லாமல் ரத்து செய்தால் அதோடு இழப்பீடும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கும் விமானத்துக்கு 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. தாமதம் என்றால், திருச்சி–சிங்கப்பூர் நீளத்துக்கு மூன்று மணி நேரம் தாண்டினால் சாப்பாடு. இரவு 8-க்கும் அதிகாலை 3-க்கும் நடுவே புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் ஹோட்டல் அறை. 00:35 அதில்தான் வருகிறது.

புயல், வெள்ளம், வான்வெளி மூடல் மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் இழப்பீடு கிடையாது. அறையையும் சாப்பாட்டையும் கேட்டுப் பார்க்கலாம், சட்டத்தைக் காட்டி வாங்க முடியாது. மாற்று சீட்டோ பணமோ மட்டும் கட்டாயம் கேளுங்கள். ஆகவே நவம்பர் பயணத்துக்கு விதியை நம்புவதை விட இன்சூரன்ஸை நம்புங்கள்.

இன்சூரன்ஸை டிக்கெட் போட்ட அன்றைக்கே எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அது ஏற்கெனவே தெரிந்த ஆபத்து என்று கையை விரிப்பார்கள். பாலிசியில் எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு மேல் பணம், இணைப்பு விமானம் தப்பினால் உண்டா, வயது வரம்பு என்ன, அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இருந்தால் அதைச் சொல்லியாயிற்றா என்று பாருங்கள். கிளெய்முக்குத் தேவை நிறுவனம் கொடுக்கும் தாமதச் சான்று. அதைக் கவுண்டரிலேயே எழுதி வாங்குங்கள், ஊருக்கு வந்தபின் மெயில் போட்டு வாங்குவது நாய்பாடு.

பெட்டி வராவிட்டால் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வருமுன் புகார் எண் வாங்க வேண்டும். சேதமென்றால் 7 நாள், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்ததிலிருந்து 21 நாள், அதற்குள் எழுத்தில் புகார் போயிருக்க வேண்டும். நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் ஏர்சேவா என்ற அரசின் விமானப் பயணிகள் புகார் தளத்தில் போடுங்கள்.

ஐந்து நாள் மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில். பவர் பேங்கும் கைப்பையில்தான், பெட்டியில் வைத்தால் ஸ்கேனில் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். கொப்பரைத் தேங்காய் பெட்டியில் கூடாது, எண்ணெய் சேர்ந்து தானாகவே பற்றிக்கொள்ளக்கூடிய பொருள் என்று கணக்கு. சிங்கப்பூர் வழியாகப் போவதால் கசகசாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அங்கே அது தடை.

அரசலாற்றங்கரை

மிக்க நன்றி. ஒரே பிஎன்ஆர்தான், முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். தாமதம் என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? கடைசி நேரத்தில் திருச்சி ரத்தானால் சிங்கப்பூருக்குச் சென்னையிலிருந்து நாமே வேறு டிக்கெட் போட்டு, அங்கே அடுத்ததைப் பிடித்துவிடலாமா?

மெயின்லைன்

ரெண்டாவது கேள்விக்கு முதலில்: கூடவே கூடாது. முதல் பகுதியில் ஏறாவிட்டால் மீதி எல்லாப் பகுதியும், திரும்பி வரும் டிக்கெட் உட்பட, தானாக ரத்தாகும். நிறுவனத்திடம் பேசி அவர்களே சென்னை வழியாக மாற்றி, புது இ-டிக்கெட் வந்தால் மட்டும் போங்க. ஃபோன், ஆப், கவுண்டர் மூன்றிலும் ஒரே நேரத்தில் முயற்சி செய்யணும். அப்பா வரிசையில் நிற்கட்டும், நீங்க வீட்டிலிருந்து ஃபோனில் பிடிங்க. சும்மா "வேற வழி பண்ணுங்க" என்று கேட்காமல், எந்த விமானத்தில் சீட்டு காலியாக இருக்கு என்று பார்த்து எண்ணோடு கேளுங்க.

முதல் கேள்வி: திருச்சிக்கு வரும் விமானமே திரும்பிப் போகிறது. உங்க 00:35 விமானம் சிங்கப்பூரிலிருந்து வந்தாகணும். பயணம் நாலு மணி நேரம், தரையில் சுமார் ஒரு மணி நேரம் என்று வைத்தால் நம்ம நேரம் ராத்திரி ஏழரைக்குள் அது அங்கிருந்து கிளம்பியிருக்கணும். விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் திருச்சி வருகைப் பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும். எட்டு மணி வரை அங்கேயே நின்றால் இங்கே தாமதம் உறுதி. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீங்க, நிறுவனம் அறிவிக்காதவரை கவுண்டர் பழைய நேரத்துக்கே மூடும்.

ஏஜென்ட் டிக்கெட் போடும்போது அவர் நம்பரையே கொடுத்துவிடுவார். நேர மாற்ற எஸ்எம்எஸ் எல்லாம் அவர் கடைக்குப் போகும், கடை ராத்திரி எட்டு மணிக்குப் பூட்டு. டிக்கெட் வந்த அன்றே நிறுவனத் தளத்தில் பிஎன்ஆரைப் போட்டு உங்க நம்பரையும் மெயிலையும் மாற்றுங்க. மாதம் ஒரு தடவை நேரத்தையும் பாருங்க.

போர்டிங் பாஸைப் படமாக ஃபோனில் வைத்து, ஒரு காகித நகலும் எடுங்க. பெட்டி போட்டதும் டேக்கைப் பாருங்க: பெரிய எழுத்தில் சிட்னியின் மூன்றெழுத்து, எஸ்.ஒய்.டி. என்று இருக்கணும். சிங்கப்பூரோடு நின்றிருந்தால் பெல்ட்டில் பெட்டி நகருமுன் சொல்லி மாற்றச் சொல்லுங்க.

வெண்ணாறு_தெற்கு

சிட்னியில் இறங்கும்போது வருகை அட்டையில் உணவுப்பொருள் பற்றிய கேள்வியில் ஊறுகாய், பொடி, இனிப்பு எல்லாவற்றுக்கும் "ஆம்" போடச் சொல்லுங்க. சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் மாட்டினால் அபராதம். வெற்றிலை, கறிவேப்பிலை வேண்டாம்.