கிராவிட்ஸ் என்ற யூதக் குடும்பப் பெயர்: பூர்வீகம் எந்த ஊர்?

கோவைத் தாத்தா:
மருமகள் நியூ ஜெர்சி யூதப் பெண். பிறந்த வீட்டுப் பெயர் கிராவிட்ஸ். அவளுடைய கொள்ளுத்தாத்தா 1908இல் ‘ரஷ்யாவிலிருந்து’ கப்பலேறி வந்தாராம். குடியேற வந்தவர்களை நியூயார்க் துறைமுகத்தில் சோதித்த எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றி எழுதிவிட்டாராம். இதற்கு மேல் சம்பந்திக்கு ஒன்றும் தெரியவில்லை. பேத்திக்கு வம்சாவளி எழுத உட்கார்ந்தால் அந்தப் பக்கம் பாதியில் நிற்கிறது. பெயரை வைத்து ஊரைப் பிடிக்க முடியுமா?

பழஞ்சுவடி:
முடியாதுங்க ஐயா. கிராவிட்ஸ் என்றால் தையற்காரர், அவ்வளவுதான். போலந்து, உக்ரைன், பெலாரூஸ் பக்கம் ஊருக்கு ஊர் யூதத் தையற்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு முன்பு குடும்பப் பெயரே கிடையாது. நம் இனிஷியல் போல அப்பா பெயர்தான். வரிக்கும் பட்டாளத்துக்கும் ஆள் கணக்கு வேண்டும் என்று ஆஸ்திரியா 1787இல் கட்டாயமாக்கியது, ரஷ்யா 1804இல். தொழிலையே பெயராக வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். ஆகவே இரண்டு கிராவிட்ஸ்கள் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டியதில்லை.

கப்பல்காரன்:
எல்லிஸ் தீவுக் கதையை எல்லா வீட்டிலும் சொல்வார்கள், நம்பாதீர்கள். பயணிகள் பட்டியல் ஐரோப்பாவில் கப்பல் ஏறும்போதே எழுதியது. தீவில் இருந்தவர்கள் அதை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் அவர்களேதான், குடியேறிய பிறகு. அப்புறம், அன்றைய ‘ரஷ்யா’ என்றால் லிதுவேனியா, பெலாரூஸ், உக்ரைன், போலந்தில் பெரும்பகுதி எல்லாம் சேர்த்தி. யூதர்கள் பெரும்பாலும் அந்த மேற்கு எல்லைக்குள்தான் குடியிருக்க முடியும். 1908 என்பது உங்கள் அதிர்ஷ்டம்: 1907 முதல் பட்டியலில் ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயர், முகவரி கேட்டார்கள். குடியுரிமை விண்ணப்பத்திலும் பிறந்த ஊர், கப்பல் பெயர் இருக்கும்.

கோவைத் தாத்தா:
மருமகள் அந்தக் கொள்ளுத்தாத்தாவின் கல்லறைப் படம் அனுப்பினாள். கல்லில் எபிரேய எழுத்து. இடுகாட்டில் அந்தப் பகுதியின் வாசல் தூணில் பாப்ரூய்ஸ்க் என்று ஊர்ப் பெயர். இது என்ன கணக்கு?

பழஞ்சுவடி:
அதைச் சொல்லுங்க முதலில்! ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் சங்கம் வைத்து, இடுகாட்டில் சேர்ந்தே இடம் வாங்குவார்கள். பாப்ரூய்ஸ்க் இன்றைய பெலாரூஸில், அன்று மின்ஸ்க் மாகாணம். கல்லில் ‘இன்னார் மகன்’ என்று அவர் அப்பா பெயரும் இருக்கும், படிக்கச் சொல்லுங்கள். ஆனால் மனைவி வழியாகவும் சங்கத்தில் சேர்ந்திருக்கலாம். அதனால் கப்பல் பட்டியலில் அந்த உறவினர் முகவரியைப் பார்த்துவிட்டு ஊரை எழுதுங்கள்.